ஏர் கிளீனரில் எண்ணெய் பார்த்தீர்களா?

கோடை மழை ஒன்றிரண்டு பெய்து ஓய்ந்துவிட்டால் நாகமலை புதுக்கோட்டை வட்டாரத்தில் டிராக்டர்களுக்கு ஓய்வு கிடையாது. செவ்வல் நிலத்தில் புழுதி உழவு, வற்றிய கண்மாயிலிருந்து வண்டல் மண் அடிப்பது, செங்கல் சூளைக்கு நடை, தேனி சாலையில் செக்கானூரணி, கருமாத்தூர் வரை வாடகை உழவு என்று விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை இருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்றும் சேர்ந்துகொண்டால், உழுகிற டிராக்டர் கண்ணுக்குத் தெரியாது. செம்புழுதி நகர்ந்து போவதுதான் தெரியும். ஓட்டுபவர் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் ஓடும் எஞ்சினும் அதே காற்றைத்தான் இழுக்கிறது. அதற்குத் துண்டாக இருப்பது, மெக்கானிக்குகள் 'ஏர் கிளீனர்' என்று சொல்லும் காற்று வடிகட்டி.

டீசல் விலையையும் டயர் விலையையும் பற்றிப் பேசாத டிராக்டர்காரர் இல்லை. ஏர் கிளீனரைப் பற்றிப் பேசுபவர் மிகக் குறைவு. இரண்டு, மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு, கடன் வாங்கி ஒரு பழைய டிராக்டரையும் வாங்கி, சொந்த உழவு போக மீதி நேரம் ஊராருக்கு உழுது தவணை கட்டும் விவசாயிகள் இந்தப் பக்கத்தில் பலர் உண்டு. பல ஆண்டு உழைக்க வேண்டிய எஞ்சின் ஒரே கோடையில் லைனர் தேய்ந்து பட்டறைக்கு வந்துவிட்டால், லைனர், பிஸ்டன், ரிங் வாங்கும் செலவு ஒரு பக்கம். உழவுப் பருவத்தில் வண்டி நின்றுபோகும் நஷ்டம் இன்னொரு பக்கம். தவணை மட்டும் நிற்காது. இவ்வளவையும் தடுப்பது தினமும் பத்து நிமிஷ வேலை. அதற்கு மெக்கானிக்கும் வேண்டியதில்லை.

எஞ்சின் எவ்வளவு காற்று இழுக்கிறது?

ஒரு லிட்டர் டீசல் எரிவதற்குக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். உண்மையில் டீசல் எஞ்சின் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கிறது. கிணற்று மேட்டில் 1500 சுற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு இருபதாயிரம் லிட்டருக்குக் குறையாமல் காற்றை உறிஞ்சும். 35 குதிரைத்திறன் டிராக்டர் முழு வேகத்தில் உழும்போது இது ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். இருபதடி நீளம், பதினைந்தடி அகலம், பன்னிரண்டடி உயரம் உள்ள ஒரு கூடம் நிறைய இருக்கும் காற்று என்று வைத்துக்கொள்ளலாம். புழுதி உழவில் பத்து மணி நேரம் நின்றால், அப்படிப் பத்துக் கூடம் புழுதிக் காற்று.

அந்தப் புழுதி எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். நம் செவ்வல் மண்ணில் கலந்திருக்கும் மணலில் பெரும்பகுதி வெங்கச்சங்கல் இனத்தைச் சேர்ந்தது. கண்ணாடியையே கீறக்கூடியது, பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் விடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியும் பெரிய மணலைவிடக் கண்ணுக்குத் தெரியாத நைசான தூசுதான் அதிகக் கெடுதல் செய்யும். மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்தின் கனமோ சில மைக்ரான்தான். 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள தூசு அந்த இடுக்கில் புகுந்து எண்ணெயோடு குழைந்துவிடுகிறது. வால்வு உட்காருவதற்காக மெக்கானிக் தேய்க்கும் பேஸ்ட் எப்படிப்பட்டதோ, இதுவும் அப்படிப்பட்டதே. பட்டறையில் அதைத் தேய்த்து முடித்ததும் கழுவித் துடைத்துவிடுவார்கள். எஞ்சினுக்குள் அது நாள் முழுவதும் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

தேய்மானம் தொடங்கியதற்கு அடையாளங்கள் உண்டு. காலையில் ஸ்டார்ட் ஆகச் சுணங்கும். புகை நீலமாக வரும். சம்ப் எண்ணெய் குறைந்துகொண்டே போகும். பிரீதர் குழாயில் குபுகுபுவென்று புகை தள்ளும். முன்பு இரண்டாவது கியரில் இழுத்த கலப்பையை இழுக்கத் திணறும். இவை தெரிந்த பிறகு ஏர் கிளீனரைக் கழுவி, போன லைனரை மீட்க முடியாது.

எண்ணெய்க் கிண்ணம் வேலை செய்யும் விதம்

நம் ஊர்களில் ஓடும் பழைய மாஸே பெர்குசன், மகிந்திரா 265, சுவராஜ் 735 போன்ற டிராக்டர்களிலும், பெரும்பாலான பவர் டில்லர்களிலும், பழைய லாரிகளிலும் இருப்பது எண்ணெய்க் கிண்ண ஏர் கிளீனர். 'ஆயில் பாத்' என்பார்கள். இதில் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கிப் போட வேண்டிய பாகம் எதுவும் இல்லை. கழுவி, எண்ணெய் மாற்றினால் வண்டியின் ஆயுள் வரை உழைக்கும். சிறு விவசாயிக்கு இது பெரிய வசதி.

பானெட்டுக்கு மேல் கொண்டை போல நிற்பது பிரீ கிளீனர். காற்று இதற்குள் சுழன்று நுழையும்போது வைக்கோல் துணுக்கு, சண்டு, பெருமணல் ஆகியவை ஒதுங்கிவிடும். பிறகு காற்று நடுக்குழாய் வழியாகக் கீழே இறங்கி, எண்ணெய் உள்ள கிண்ணத்தில் மோதி, சட்டென்று திரும்பி மேலே ஏறுகிறது. களத்தில் நெல் தூற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான நெல்மணி காலடியில் விழும். பதர் காற்றோடு போய்விடும். இங்கேயும் அப்படித்தான். காற்று திரும்புகிற வேகத்துக்குத் திரும்ப முடியாத கனமான தூசு எண்ணெயில் விழுந்து அடியில் சேறாகப் படிகிறது. காற்றோடு திரும்பிவிடும் நைசான தூசுக்கு மேலே கம்பி வலை காத்திருக்கிறது. ஏறும் காற்று எண்ணெயைச் சிறு திவலைகளாக அள்ளிக்கொண்டு போய் அந்த வலையை நனைத்துக்கொண்டே இருக்கும். நனைந்த வலையில் தூசு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் வழிந்து, தூசையும் கழுவிக்கொண்டு மறுபடி கிண்ணத்துக்கே வரும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். காற்று வேகமாக ஓடினால்தான் எண்ணெய் மேலே ஏறி வலையை நனைக்கும். முழு வேகத்தில் தூசில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு பிடிபடும். எஞ்சின் மெதுவாக, சும்மா ஓடும்போது அந்த அளவு பிடிக்காது. ஆகவே கண்மாயில் லோடு ஏறும் வரையிலும், களத்தில் தூசு பறக்கும் இடத்திலும் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிற்கக் கூடாது. நிறுத்திவிட வேண்டும். டீசலும் மிச்சம்.

எண்ணெய் அளவு

எண்ணெய்க் கிண்ணத்தின் உட்புறத்தில் ஒரு கோடோ, அம்புக்குறியோ, விளிம்புப் பள்ளமோ இருக்கும். எண்ணெய் அதுவரை இருக்க வேண்டும். அதற்குக் குறையவும் கூடாது, கூடவும் கூடாது.

குறைந்தால் என்ன ஆகும் என்பது தெளிவு. காற்று எண்ணெயைத் தொடாமலே திரும்பிவிடும். வலை காய்ந்து கிடக்கும். தூசு நேராக உள்ளே போகும். கூடினால் என்ன என்று கேட்பவர்கள்தான் அதிகம். 'கொஞ்சம் தாராளமாக இருக்கட்டுமே' என்று விளிம்பு வரை ஊற்றிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது ஆபத்து. காற்று அந்த எண்ணெயை உறிஞ்சி எஞ்சினுக்குள் கொண்டு போகும். டீசல் எஞ்சினுக்கு இந்த எண்ணெயும் எரிபொருள்தான். கொஞ்சமாகப் போனால் வெறும் புகையோடு முடியும். அதிகமாகப் போனால் ஆக்சிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் வேகமெடுத்து அலறும். ஸ்டாப் கம்பியை இழுத்தால் டீசல்தான் நிற்கும், எஞ்சின் நிற்காது. அப்படி நேர்ந்தால், காற்று நுழையும் வாயைப் பலகையாலோ ஈரச் சாக்கை மடித்தோ அழுத்தி அடைப்பது ஒன்றே வழி. கையை வைக்கக் கூடாது. பவர் டில்லரையும் பம்ப்செட் எஞ்சினையும் வண்டியில் ஏற்றும்போது பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்தியிருந்தால், கிண்ணத்து எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் போயிருக்கும். குழாயைக் கழற்றி வடித்துத் துடைக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

வண்டி சாயும்போது எண்ணெய் உள்ளே போகிறதா என்பதை அரசே சோதிக்கிறது என்பது பலருக்குத் தெரிந்திராது. மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலும், ஆந்திராவில் அனந்தப்பூர் மாவட்டம் கார்லதின்னேயிலும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. டிராக்டர்களுக்கு அங்கே நடக்கும் சோதனைகளில் ஏர் கிளீனர் சோதனையும் ஒன்று. வண்டியை முன்னும் பின்னும் பக்கங்களிலும் சாய்த்து நிறுத்தி எஞ்சினை ஓட்டி, எண்ணெய் எவ்வளவு குறைந்தது என்று எடை போட்டுப் பார்க்கிறார்கள். கம்பெனி சரியான அளவுக் கோட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. கோட்டுக்கு மேல் நாமே ஊற்றிக்கொண்டால் அந்தச் சோதனையால் நமக்குப் பயன் இல்லை.

எந்த எண்ணெய், எத்தனை நாளைக்கு?

எஞ்சினுக்கு ஊற்றும் அதே ரக எண்ணெயைத்தான் பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடி ஊற்றவும். சம்பிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை 'ஏர் கிளீனருக்கு இது போதும்' என்று ஊற்றுகிறார்கள். அதில் ஏற்கெனவே கரியும் அழுக்கும் இருக்கின்றன. டீசல் கலந்து நீர்த்தும் போயிருக்கலாம். நீர்த்த எண்ணெய் சுலபமாக உள்ளே இழுக்கப்படும். சிறு டிராக்டருக்குச் சுமார் அரை லிட்டர், முக்கால் லிட்டர் பிடிக்கும் கிண்ணம் அது. அதில் மிச்சம் பிடிப்பது கணக்குக்கு ஒத்துவராது. மண்ணெண்ணெய், கடலை எண்ணெய் எதையும் கலக்க வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது? இதற்கு ஒரே பதில் கிடையாது. தார்ச்சாலையில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கும் செவ்வல் புழுதியில் ரோட்டவேட்டர் போடும் வண்டிக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. பொதுவாக, பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை, அதாவது தினமும், கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அடியில் அரை அங்குலத்துக்குச் சேறு படிந்திருந்தாலும், எண்ணெய் கஞ்சி போலக் குழைந்திருந்தாலும் அன்றைக்கே மாற்ற வேண்டும். சேறு படியப் படிய எண்ணெய் மட்டம் மேலே தள்ளப்படும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எண்ணெய் நிறைய இருப்பது போலத் தெரியும். விரலை அடிவரை விட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கடுமையான புழுதி உழவிலும் வண்டல் அடிக்கும் வேலையிலும் தினமும் மாற்ற வேண்டி வரலாம். நடவுச் சேற்று உழவின்போது புழுதி இல்லை. அப்போது வாரம் ஒரு முறை போதும் என்ற நிலையும் உண்டு. ஆனால் தண்ணீர் கலந்து எண்ணெய் வெளுத்து மோர் போல ஆகியிருந்தால் உடனே மாற்றவும்.

கழற்றும் நேரமும் முக்கியம். எஞ்சினை நிறுத்திய உடனே கழற்றினால் வலையில் ஏறியிருக்கும் எண்ணெய் இன்னும் இறங்கியிருக்காது. கால் மணி நேரம் கழித்துக் கழற்றவும். கழற்றும் முன் வெளிப்புறத்தைத் துணியால் துடைக்கவும். பழைய எண்ணெயைக் கொட்டி, கிண்ணத்தை டீசல் அல்லது மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் கோடு வரை ஊற்றவும். கிண்ணத்தோடு கழன்று வரும் கீழ் வலையை வாரம் ஒரு முறை அலசவும். மேலே உடலோடு சேர்ந்த வலையைப் பலர் வண்டி வாங்கியதிலிருந்து கழுவியதே இல்லை. பருவத்துக்கு ஒரு முறை முழு ஏர் கிளீனரையும் இறக்கி, டீசலில் முக்கி எடுத்து அலசி, தலைகீழாக வைத்து முழுக்க வடிய விட வேண்டும். டீசல் சொட்டச் சொட்ட மாட்டினால், முன்பு சொன்ன அலறல் இதனாலும் வரும். பெட்ரோலில் கழுவக் கூடாது, தீப்பிடிக்கும்.

நெல் அறுவடையில், கதிரடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யும் வண்டிகளுக்கு வேறொரு தொந்தரவு. நெல் சுணையும் சண்டும் பிரீ கிளீனரை மூடி அடைத்துவிடும். காற்று கிடைக்காமல் கரும்புகை தள்ளும், இழுவை குறையும். டீசல் பம்பில் கோளாறு என்று சிலர் பம்பைக் கழற்றப் போய்விடுகிறார்கள். முதலில் கொண்டையைத் தட்டித் துடைத்துப் பாருங்கள்.

கழிவு எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ ஊற்றாமல் டின்னில் சேர்த்து வைத்தால் பழைய ஆயில் வாங்குபவர்களிடம் போட்டுவிடலாம்.

ஹோஸ் ஓட்டை

ஏர் கிளீனர் சுத்தமாக இருந்து, எண்ணெயும் கோட்டில் நின்று, எஞ்சின் மட்டும் தேய்ந்து போவதுண்டு. அங்கே குற்றவாளி பெரும்பாலும் ரப்பர் ஹோஸ். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸ் வெயிலிலும் சூட்டிலும் வெடிக்கும். கிளிப் தளரும். கிண்ணத்து வாஷர் நசுங்கிப் போகும். வடிகட்டிக்குப் பின்னால் ஒரு கீறல் இருந்தால், எஞ்சின் வடிகட்டாத காற்றை அந்த வழியாக இழுத்துக்கொள்ளும். கம்பியைச் சுற்றிக் கட்டுவதும், சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவதும் அன்றைய பொழுதுக்கு உதவலாம். மறுநாளே புது ஹோஸ் போட்டுவிட வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஹோஸைக் கழற்றி, எஞ்சின் பக்கத்து உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைக்கவும். துணியில் செம்மண் பட்டால் ஓட்டை இருக்கிறது, அல்லது ஏர் கிளீனர் வேலை செய்யவில்லை. இன்னொன்று, டர்போ இல்லாத பழைய எஞ்சின்களுக்கு மட்டும். எஞ்சினை மிக மெதுவாக ஓடவிட்டு, பிரீ கிளீனரைக் கழற்றிக் குழாய் வாயைத் தட்டையான பலகையால் மூடவும். சில விநாடிகளில் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறு எங்கிருந்தோ காற்று குடிக்கிறது என்று பொருள். ஹோஸ், கிளிப், வாஷர் மூன்றையும் பார்க்கவும்.

இது டிராக்டர்காரர்களுக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது ரஷ்யர்கள் தங்கள் டி-34 டாங்கி ஒன்றை அமெரிக்காவின் அபெர்தீன் சோதனைக் களத்துக்கு அனுப்பிவைத்தார்கள். உலகமே மெச்சிய டீசல் டாங்கி அது. 1942-இல் அங்கே ஓட்டிப் பார்த்தபோது 343 கிலோமீட்டரில் எஞ்சின் போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனும் சிலிண்டரும் சீர்செய்ய முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தன. மோசமான ஏர் கிளீனர் வழியாகப் புழுதி உள்ளே போனதே காரணம் என்று கண்டார்கள். மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் தூரம்கூட அது தாங்கவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இப்போது வரும் புது டிராக்டர்கள் பலவற்றிலும், லாரிகளிலும், காய்கறி, பூ ஏற்றிப் பரவைக்கும் மாட்டுத்தாவணிக்கும் போகும் சிறு லோடு வண்டிகளிலும் காகித வடிகட்டி இருக்கிறது. வடிகட்டும் திறனில் காகிதமே மேல். நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் பிடிக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் அதே திறன். ஆனால் அதைக் கழுவி வாழ்நாள் முழுவதும் ஓட்ட முடியாது. பஞ்சர் கடையில் காற்றடித்து ஊதுவது வழக்கமாகிவிட்டது. டயருக்கான அந்த அழுத்தத்தில் காகிதம் கிழியும். ஊதுவதாக இருந்தால் 30 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் போகாமல், உள்ளிருந்து வெளியாக, சற்று எட்ட வைத்து ஊதவும். பிறகு உள்ளே டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்க்கவும். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் எறிந்துவிட்டுப் புதிது போடவும். இன்னொரு சங்கதி: லேசாகத் தூசு படிந்த காகிதம் புதுக் காகிதத்தைவிட நன்றாகவே வடிகட்டும். எனவே தினமும் கழற்றித் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். உள்ளே இரண்டாவதாக ஒரு சிறு வடிகட்டி இருந்தால் அதை ஊதவே கூடாது. மாற்ற மட்டுமே செய்யலாம்.

களை எடுக்கும் சிறு இயந்திரங்களிலும், சிறு பெட்ரோல் எஞ்சின்களிலும் பஞ்சு போன்ற ஃபோம் வடிகட்டி வரும். இதைச் சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, எஞ்சின் எண்ணெயில் நனைத்து, உபரி எண்ணெயைப் பிழிந்துவிட்டு மாட்டவும். காய்ந்த ஃபோம் நைசான தூசைப் பிடிக்காது. பிய்ந்து உதிர ஆரம்பித்தால் புதிது போடவும்.

சமீப ஆண்டுகளில் லோடு வண்டிக்காரர்களிடம் பேச்சாக இருப்பது எண்ணெய் தடவிய பருத்தி வடிகட்டி. கம்பி வலைகளுக்கு நடுவே பருத்தித் துணியைப் பல அடுக்காக மடித்து, பிசுபிசுப்பான எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1969-இல் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம் மோட்டார் பந்தய வண்டிகளால் இதைப் பிரபலமாக்கியது. 'ஒரு முறை வாங்கினால் போதும், கழுவிக் கழுவி ஓட்டலாம். வண்டியும் பாயும்' என்று விற்கிறார்கள். கழுவி ஓட்டலாம் என்பது உண்மை. காற்று தாராளமாகப் போகும் என்பதும் உண்மை. ஆனால் காற்று தாராளமாகப் போகும் இடத்தில் நைசான தூசும் காகிதத்தைவிடக் கூடுதலாகப் போகிறது. பந்தய வண்டிக்கு வேகம் வேண்டும். சூளைக்கும் வாய்க்கால் கரைக்கும் போகிற நமக்கு எஞ்சின் ஆயுள் வேண்டும். புழுதிப் பாதையில் தினமும் ஓடும் லோடு வண்டிக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடும் லாரிக்கு, ஒழுங்காகக் கழுவும் பொறுமையும் இருந்தால், கூடாது என்று சொல்வதற்கில்லை.

போட்டவர்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. அதற்கென்று விற்கும் சோப்புத் திரவத்தை உபயோகித்து, குறைந்த வேகத் தண்ணீரில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாகக் கழுவ வேண்டும். டீசல், பெட்ரோல் படக் கூடாது. ரப்பர் விளிம்பு கெடும். காற்றடித்தோ அனலில் காட்டியோ உலர்த்தாமல் தானாக உலர விட வேண்டும். சொட்டு ஈரம் இல்லாமல் உலர்ந்த பிறகே, அதற்கான எண்ணெயை மடிப்பு மடிப்பாக லேசாக விட்டு, இருபது நிமிஷம் ஊறவிட்டு, வெளுத்துத் தெரியும் இடத்தில் மட்டும் மறுபடி விட வேண்டும். எண்ணெய் கூடினால் இங்கேயும் தொல்லை. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ். 6 வண்டிகளிலும், அதற்கு முந்திய சில வண்டிகளிலும் உள்ளே போகும் காற்றை அளக்க மெல்லிய சென்சார் ஒன்று உண்டு. வடிகட்டியிலிருந்து கிளம்பும் எண்ணெய் அதில் படிந்தால் கணக்குத் தப்பி, இழுவை குறைந்து, எச்சரிக்கை விளக்கு எரியும். வாரன்டி உள்ள வண்டியில் இதை மாட்டுவதற்கு முன் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய டிராக்டரில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வகை மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனியே அந்த மாடலுக்கென்று மாற்று ஏர் கிளீனர் கொடுத்தால் மாட்டலாம். கடையில் கிடைக்கும் அளவு பொருந்தாத வடிகட்டியை வெல்டிங் செய்து பொருத்துவது வேண்டாத வேலை. காற்று போதாமல் புகை தள்ளும். இணைப்புகளில் ஓட்டையும் விழும். தினமும் கவனிக்கப்படும் பழைய எண்ணெய்க் கிண்ணம் அதைவிட மேல்.

பழைய டிராக்டர் வாங்குபவர்களுக்கு

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டையும் டயரையும்தான் முதலில் பார்க்கிறார்கள். பெயிண்ட் நேற்று அடித்ததாக இருக்கலாம். ஏர் கிளீனரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே ஒரு தகவல். கிண்ணத்தில் புது எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேலே உள்ள நிலை வலையைத் தொட்டுப் பாருங்கள். அது காய்ந்து, செம்மண் அப்பிக் கிடந்தால் வண்டி நெடுநாள் எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கிறது. ஹோஸ் பளபளவென்று புதிதாக இருந்தால், பழையது எப்போது, எதனால் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். கழற்றி, எஞ்சின் பக்கத்துக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, சூடான பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை. எஞ்சின் மூச்சு விடுவது போலப் புகை விட்டுவிட்டுத் தள்ளினால் ரிங்கும் லைனரும் போயிருக்கின்றன. அந்த வண்டியை வாங்கவே கூடாது என்பதில்லை. நம்பிக்கையான மெக்கானிக்கிடம் லைனர், பிஸ்டன், ரிங், கூலி எல்லாவற்றுக்கும் கணக்கு வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள்.